உப்புக்காற்றுக் கரையில் டர்போ வண்டிக்கு எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர்: எதைப் பார்த்து வாங்குவது?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் இருப்பது பழைய ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல். முன்பு வைத்திருந்தவர் கோயம்புத்தூரில் ஒரிஜினல் டர்போவைக் கழற்றிவிட்டுச் சற்றுப் பெரியதைப் போட்டிருக்கிறார். ஈசியூவை, அதாவது இன்ஜினை ஓட்டும் கம்ப்யூட்டரை, ரீமேப் செய்தவர் (அதன் கணக்கை மாற்றி எழுதியவர்), பூஸ்டை, அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, மட்டும் கையால் திருகும் கன்ட்ரோலரில் விட்டுவிட்டார். இப்போது இரண்டாம் கியரில் 0.9 பார் காட்டுகிறது. நான்காம் கியரில் 1.15 வரை எகிறிவிட்டு இறங்குகிறது. துபாயிலிருந்து மச்சான் வருகிறாராம், அங்கே பழைய ஜப்பான் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதாம். அதை வாங்கலாமா, புதிது வாங்கலாமா, நம் ஊர் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் எது தாங்கும்? இதுதான் கேள்வி.

நான் மண்டபத்தில் விசைப்படகு டீசல் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டும் வேலையில் தொடங்கியவன். டர்போ கார் பிறகு வந்தது. அதனால் பதில் நீளும். ஆனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. எத்தனை பூஸ்ட் ஏற்றிக் கொடுக்கும் என்று பார்த்துக் கன்ட்ரோலர் வாங்காதீர்கள். எல்லாப் பெட்டியும் ஏற்றிக் கொடுக்கும். ஒயர் அறுந்தால், ஹோஸ் கழன்றால், கனெக்டரில் உப்பு ஏறினால் அந்த நொடியில் பூஸ்ட் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். நம் கரையில் இவை மூன்றும் என்றாவது ஒருநாள் நடக்கும்.

பெட்டி என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். டர்போவில் வேஸ்ட்கேட் என்று ஒரு கதவு இருக்கிறது. பூஸ்ட் ஏறியதும் அந்தக் காற்றே, கதவை அசைக்கும் ஆக்சுவேட்டரின் டயஃப்ரத்தை (சவ்வை) தள்ளி, ஸ்பிரிங்கை அமுக்கி, கதவைத் திறக்கும். புகை, டர்போவைச் சுழற்றும் டர்பைனைத் தொடாமல் பக்கவழியாக வெளியே போய்விடும், பூஸ்ட் அதற்கு மேல் ஏறாது. ஆக, ஸ்பிரிங்தான் குக்கர் வெயிட். பூஸ்ட் கன்ட்ரோலர் செய்வது அந்த வெயிட்டைக் கரண்டியால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிப்பதுதான். ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றில் ஒரு பங்கை மறைத்துவிடுகிறது, கதவு தாமதமாகத் திறக்கிறது, பூஸ்ட் கூடுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, ஸ்பிரிங் அளவுக்குக் கீழே எந்தக் கன்ட்ரோலராலும் பூஸ்டை இறக்க முடியாது. இன்னொன்று, மேலே ஏற்றுவதற்கும் எல்லை உண்டு. மூன்று வழி சோலனாய்டு (கரண்டில் திறந்து மூடும் வால்வு) வைத்தால் ஸ்பிரிங் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை ஒழுங்காக நிற்கும். 0.5 பார் ஸ்பிரிங் என்றால் 1 பார். அதற்கு மேல் கேட்டால் வெளியேறும் புகையின் அழுத்தமே கதவைத் தள்ளித் திறக்கப் பார்க்கும், பூஸ்ட் ஆட ஆரம்பிக்கும். உங்கள் ஆக்சுவேட்டரில் எந்த ஸ்பிரிங் இருக்கிறது என்று தெரியாமல் பெட்டி வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி. கைக்கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, டர்போவிலிருந்து ஆக்சுவேட்டருக்கு ஒரே ஹோஸை நேராகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கேஜில் நிற்கும் எண்தான் உங்கள் ஸ்பிரிங்.

அந்த ஓட்டத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். நேர் ஹோஸில் இருக்கும்போதே ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் ஏறிக்கொண்டே போனால், வேஸ்ட்கேட் துவாரம் அந்த டர்போவுக்குப் போதவில்லை என்று அர்த்தம். அதை லேத்தில் பெரிதாக்கித்தான் சரிசெய்ய முடியும். எத்தனை ஆயிரம் கொடுத்துப் பெட்டி வாங்கினாலும் அந்தக் கோளாறு போகாது. பெரிய டர்போ போட்ட வண்டிகளில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கியருக்குக் கியர் பூஸ்ட் மாறுவது கைக்கன்ட்ரோலரின் குணம். அதற்குக் கண் கிடையாது. மேல் கியரில் இன்ஜின் மேல் பாரம் அதிக நேரம் நிற்கிறது, டர்போவுக்குச் சுழலேறத் தாராளமாக நேரம் கிடைக்கிறது. கதவு திறந்து முடிப்பதற்குள் பூஸ்ட் தாண்டிப் போய்விடும். எலக்ட்ரானிக் பெட்டியில் சென்சார் உண்டு. பூஸ்டைப் பார்த்துக்கொண்டே சோலனாய்டை வினாடிக்கு 20, 30 தடவை திறந்து மூடும். அதில் எத்தனை சதவீத நேரம் திறந்திருக்கிறது என்பதைத்தான் டியூட்டி என்கிறோம். இலக்கைத் தாண்டினால் டியூட்டியைக் குறைக்கும், எட்டாவிட்டால் கூட்டும். நீங்கள் சொல்லும் 0.9, 1.15 ஆட்டம் இதில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சரி, பெட்டி தேவையா? உங்கள் வண்டியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அந்த 1.8 டர்போவில் என்75 என்று ஒரு வால்வு கம்பெனியிலிருந்தே வரும். ஈசியூதான் அதை ஓட்டுகிறது. ஈசியூ தருகிற பூஸ்ட் கட்டுப்பாட்டில் எந்தத் தனிப்பெட்டிக்கும் இல்லாத வசதி இருக்கிறது. நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து இன்ஜின் தட்டுவது) கேட்டால் பூஸ்டை இறக்கும், உள்ளே வரும் காற்று சூடானால் இறக்கும், மிதி எவ்வளவு மிதித்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும். தனிப்பெட்டி பெரும்பாலும் அழுத்தத்தை மட்டுமே பார்க்கும். அதோடு ஈசியூ கேட்கும் பூஸ்ட் ஒன்று, பெட்டி தரும் பூஸ்ட் வேறு என்றால் பி0234 (பூஸ்ட் மிஞ்சிவிட்டது) மாதிரிப் பிழைக்குறி போட்டு, வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும் சோர்வு நிலைக்குப் போய்விடும். ஆகவே ரீமேப் செய்தவர் மறுபடி என்75 வழியாக, அல்லது அந்த இடத்தில் ஒரு நல்ல மூன்று வழி சோலனாய்டு வைத்து, ஈசியூவுக்குள்ளேயே பூஸ்டை எழுதித் தருவார் என்றால் அதற்குத்தான் என் ஓட்டு. பெட்டிக்குக் கொடுக்கும் காசை அங்கே கொடுங்கள்.

ஆனால் நம் கஷ்டமும் எனக்குத் தெரியும். ராமநாதபுரத்திலிருந்து கோயம்புத்தூர் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் வண்டியை அங்கே கொண்டுபோக எல்லோராலும் முடியாது. ரீமேப் செய்தவர் கைக்கு எட்டவில்லை என்றாலோ, உள்ளூர் பெட்ரோலுக்கு ஒரு பூஸ்ட், டிராக் நாளுக்கு ஒரு பூஸ்ட் என்று இரண்டு வேண்டும் என்றாலோ தனிப்பெட்டி நியாயம்தான். இனி அந்த வழியிலேயே பேசுகிறேன்.

(இடையில் ஒரு வார்த்தை. டீசல் வண்டி வைத்திருக்கும் நண்பர்களும் இதையே கேட்கிறார்கள். இப்போதைய டீசல் கார்களில் பெரும்பாலும் இறக்கைகளை அசைத்துப் பூஸ்டை மாற்றும் டர்போதான், வேஸ்ட்கேட்டே கிடையாது. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகனின் புதிய 1.0 டிஎஸ்ஐ பெட்ரோலில் வேஸ்ட்கேட்டை மின்மோட்டார் ஓட்டுகிறது, காற்று ஹோஸ் இல்லை. இந்த இரண்டுக்கும் இந்தப் பெட்டிகள் பொருந்தாது.)

பெட்டியில் நான் முதலில் பார்ப்பது கரண்ட் போனால் என்ன ஆகிறது என்பதை. சோலனாய்டு வகையில், ஹோஸ் சரியாக மாட்டியிருந்தால், கரண்ட் இல்லாதபோது டர்போ காற்று முழுவதும் ஆக்சுவேட்டருக்குப் போகும். பூஸ்ட் ஸ்பிரிங் அளவுக்கு இறங்கும். வண்டி மந்தமாகும், இன்ஜின் பிழைக்கும். ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகத் திரும்பும் மோட்டார்) வகை வேறு. ஜப்பான் கம்பெனி எச்கேஎஸின் இவிசி வரிசை அப்படிப்பட்டது. மிக நுணுக்கமாகப் பூஸ்டைப் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயர் அறுந்தால் மோட்டார் நின்ற இடத்திலேயே நிற்க வாய்ப்புண்டு. குளிர்ந்த, காய்ந்த ஊரில் அது பெரிய கவலை இல்லை. பாம்பன் பக்கம் எனக்கு சோலனாய்டுதான் நிம்மதி.

அடுத்தது சென்சார். இது பலருக்குத் தெரியாத ஆபத்து, அதனால் என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். உச்சிப்புளி தாண்டி மண்டபம் வந்துகொண்டிருந்தேன். சென்சாருக்குப் போகும் சின்ன ஹோஸ் வெயிலில் வெடித்துக் கழன்றிருக்கிறது, எனக்குத் தெரியாது. சென்சார் பார்ப்பது வெளிக்காற்றை. அதற்குப் பூஸ்ட் சைபர். ‘இலக்கு 1 பார், இருப்பது சைபர்’ என்று நினைத்துப் பெட்டி டியூட்டியைக் கடைசி வரை ஏற்றிவிட்டது. கேஜ் தனி ஹோஸில் இருந்ததால் முள் 1.5ஐத் தாண்டுவதைக் கண்ணால் பார்த்தேன். மிதியை விடுவதற்குள் ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிட்டது, பிஸ்டன் பிழைத்தது. பெட்டியில் ஓவர்பூஸ்ட் பாதுகாப்பு இருந்தும் அது வேலை செய்யவில்லை. குருடான சென்சாரை நம்பித்தானே அதுவும் இருக்கிறது.

அன்றிலிருந்து இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. டியூட்டிக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி பெட்டியில் இருக்க வேண்டும். 1 பாருக்கு 45 சதவீதம் போதும் என்றால் 52, 53க்கு மேல் போகவிடாமல் பூட்டிவிடலாம். அப்போது சென்சார் குருடானாலும் பூஸ்ட் கொஞ்சம்தான் தாண்டும். அப்புறம், பூஸ்ட் எல்லை மீறினால் பெட்ரோலை நிறுத்தும் ‘ஃபியூயல் கட்’ வசதியை ஈசியூவிலிருந்து எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக் கூடாது. ரீமேப்பில் அதை எடுத்துவிட்டிருக்கிறார்களா என்று உங்கள் வண்டியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆக்சுவேட்டர் ஹோஸே கழன்றால் எந்தப் பெட்டியாலும் பூஸ்டைப் பிடிக்க முடியாது, அந்த நேரத்தில் காப்பாற்றுவது ஈசியூ மட்டும்தான்.

மற்ற வசதிகள்? திரையின் நிறம், பட்டனை அழுத்தினால் சில நொடி கூடுதல் பூஸ்ட், இதெல்லாம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. டர்ப்போஸ்மார்ட் இ-பூஸ்ட்2, ஏஇஎம் ட்ரூபூஸ்ட், கிரெடி புரோஃபெக் மூன்றும் சோலனாய்டு வகை, மூன்றும் நல்ல பெயர் எடுத்தவை. இவற்றில் உதிரி சோலனாய்டும் சென்சாரும் எதற்கு எளிதாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். நம் பக்கத்தில் பெட்டி கெடுவதில்லை, இந்த இரண்டும்தான் கெடுகின்றன.

இப்போது வெயில். 35 டிகிரி காற்றை 1 பார் பூஸ்டுக்கு அழுத்தினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரிலும் (டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி) அது 130 டிகிரி வரை சூடாகி வெளியே வரும். 1.2 பார் என்றால் 145. இன்டர்கூலர்தான் அதைக் குளிரவைக்க வேண்டும். இன்டர்கூலரை விட்டு வரும் காற்று 45 டிகிரிக்குப் பதில் 60 டிகிரியில் இருந்தால், அதே பூஸ்டில் காற்றின் எடை நாலரை சதவீதம் குறைகிறது. அதோடு கடற்கரை ஈரம் வேறு. 32 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் என்றால் காற்றில் மூன்றரை சதவீதம் வெறும் நீராவி. மத்தியானம் வண்டி இழுக்கவில்லையே என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம், கேஜில் பூஸ்ட் சரியாகவே இருக்கும். அந்த நேரத்தில் ‘இன்னும் 0.1 ஏற்றுவோம்’ என்று கை போகும். கையைக் கட்டிப்போடுங்கள். குறைந்திருப்பது காற்றின் எடை. அழுத்தத்தைக் கூட்டினால் சூடும் சேர்ந்து கூடி நாக்கிங்கைத்தான் கூப்பிடும். இன்டர்கூலர் துடுப்புகளில் மணலும் உப்பும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். தனுஷ்கோடி ஒருமுறை போய் வந்தாலே கழுவ வேண்டியிருக்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம், யாரும் பேசுவதில்லை. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அங்கே காற்றழுத்தம் சுமார் 0.965 பார், நம் கரையில் 1.013. அங்கே கேஜ் பூஸ்ட் 1 பாரில் ட்யூன் செய்த இன்ஜின், மொத்த அழுத்தமாகப் பார்த்தது 1.965. இங்கே அதே 1 பாரில் 2.013 பார்க்கிறது. வித்தியாசம் 0.05தான், ஆனால் ஓரத்தில் ட்யூன் செய்த இன்ஜினுக்கு, அதுவும் இந்த வெயிலில், அது கணக்கில் வரும். உங்கள் வண்டிக்கு நான் 0.95க்கு மேல் வைக்க மாட்டேன்.

பெட்ரோலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பங்கில் இப்போது போடுவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் குணம் உண்டு, அது நமக்கு நல்லது. ஆனால் அதே காற்றுக்குச் சுத்தப் பெட்ரோலைவிட ஏறக்குறைய 7, 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். உங்கள் ரீமேப் பழையது என்றால் முழு மிதியில் கலவை வறண்டு (காற்றுக்குப் பெட்ரோல் போதாமல்) ஓட வாய்ப்புண்டு. புகையை வைத்துக் காற்று, பெட்ரோல் கலவையைக் காட்டும் ஒரு வைட்பேண்ட் மீட்டர் மாட்டிப் பார்க்காமல் பூஸ்டைத் தொடாதீர்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பூஸ்ட் கன்ட்ரோலரைத் தள்ளிவைத்து வைட்பேண்டை முதலில் வாங்குங்கள்.

உப்புக்கு வருவோம். ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதுதான் படகுகளைக் கரையேற்றி இன்ஜின் வேலை பார்ப்போம். ஒரு வருஷம் உப்புக்காற்றில் இருந்த கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கும், கம்பி உறைக்குள் ஒரு முழம் வரை கறுத்திருக்கும். படகுக்காரர்கள் அதனால்தான் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியைப் போடுகிறார்கள். நீங்களும் சோலனாய்டுக்கு அந்தக் கம்பியைத்தான் இழுக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாம். கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். ரப்பர் சீல் உள்ள கனெக்டரையே எடுங்கள், டெர்மினலில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வையுங்கள். தடைக்காலம் தொடங்கும்போது நாங்கள் படகைப் பார்ப்பதுபோல, வருஷத்துக்கு ஒருமுறை அத்தனை ஹோஸையும் வளைத்துப் பாருங்கள். விரிசல் கண்டதை அன்றே மாற்றுங்கள்.

சோலனாய்டை டர்போவுக்கு அருகில், ஆனால் சூட்டுக்கு விலகி, பாடியில் வையுங்கள். ஹோஸ் நீண்டால் கதவு தாமதமாகப் பேசும், பூஸ்ட் எகிறும். ஹோஸ் மாட்டும் வாய்கள் கீழ்நோக்கி இருக்கட்டும், ஈரம் உள்ளே தங்காது. காற்றை வெளியே விடும் வாயில் சின்ன ஃபில்டர் ஒன்று இருக்கும். மணலும் உப்பும் அதை அடைத்தால் பூஸ்ட் சோம்பலாக ஏறும். ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றை டர்போ வாயிலிருந்து எடுங்கள், சென்சாருக்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து தனி வாய் எடுங்கள். பிரேக் பூஸ்டர் ஹோஸில் டி வடிவ இணைப்புப் போட்டு எடுக்கவே கூடாது.

மாட்டி முடித்ததும் முதல் சோதனை ஃபியூஸ் சோதனை. பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள். முன்பு நேர் ஹோஸில் பார்த்த எண்ணே வர வேண்டும். அதைவிட அதிகம் வந்தால் ஹோஸ் மாறியிருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாததால் ஒரு பட்டறையில் ஹோஸை மாற்றி மாட்டிக் கொடுத்து, அடுத்த வாரமே ஹெட் கேஸ்கெட் போன வண்டியை நான் பிரித்திருக்கிறேன்.

பிறகு டியூட்டியைச் சைபரிலிருந்து ஐந்தைந்தாக ஏற்றுங்கள், ஒவ்வொரு படியிலும் பூஸ்டையும் கலவையையும் குறித்துக்கொள்ளுங்கள். இலக்குக்கு அருகில் வந்தபிறகு, கதவை எதுவரை முழுக்க மூடிப் பிடிப்பது என்ற ‘ஸ்டார்ட்’ அளவை வையுங்கள்; இலக்கைவிட 0.2, 0.3 பார் கீழே தொடங்கினால் நல்லது. கெயினை, அதாவது இலக்கிலிருந்து விலகினால் பெட்டி எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்ற அளவை, கடைசியில்தான் தொட வேண்டும். கெயின் அதிகமானால் முள் நடுங்கும், ஒரு படி இறக்கினால் நிற்கும். இதையெல்லாம் டைனோவிலோ (வண்டியை உருளை மேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் மேடை) ரேஸ் டிராக்கிலோதான் செய்ய வேண்டும். கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி இடத்துக்கு ஒருநாள் போங்கள். பாம்பன் பாலமும் அரிச்சல்முனை சாலையும் காலியாகத் தெரிந்தாலும் வேண்டாம், தம்பி. சாலையில் மணல் ஏறிக் கிடக்கும், குடும்பத்தோடு மக்கள் இறங்கி நிற்பார்கள். மூன்றாம் கியரில் ஒரு முழு மிதி 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு வண்டியைக் கம்பெனி விவரத்திலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. டர்போ மாற்றியதை இன்சூரன்ஸுக்குச் சொல்லவில்லை என்றால் விபத்து நேரத்தில் அது உங்கள் தலையில் விழும்.

கடைசியாக மச்சான் கொண்டுவரும் பெட்டி. சோலனாய்டு வகை, ஒரிஜினல் சென்சாரும் ஒயரிங்கும் சேர்ந்தே வருகிறது, டியூட்டியைக் கையால் வைக்க முடிகிறது என்றால் வாங்கச் சொல்லுங்கள். பெட்டி மட்டும் இருக்கிறது, மற்றது தேடிக்கொள்ளலாம் என்றால் வேண்டாம். பல மாடல்கள் நின்றுபோய்விட்டன, உதிரி கிடைக்காது. சோலனாய்டு மட்டும் போயிருந்தால் புதிதாக மூன்று வழி சோலனாய்டு மாட்டிக்கொள்ளலாம், சென்சார் போயிருந்தால் கஷ்டம். பழைய ஜப்பான் பெட்டிகள் பல சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் காட்டும். அந்த 1 என்பது 0.98 பார், நம் டயர்க் கணக்கில் 14.2 பிஎஸ்ஐ. எண்ணை மட்டும் பார்த்து ஏற்றிவிடாதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் போட்டால் பூஸ்ட் சரியாகச் சைபரில் நிற்க வேண்டும், மொத்த அழுத்தம் காட்டும் பெட்டி என்றால் நம் கரையில் சுமார் 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். துபாயிலேயே 12 வோல்ட் கொடுத்து மச்சான் இதைப் பார்த்துவிடலாம், அதுவும் கடலோர ஊர்தான், எண் பெரிதாக மாறாது.

நேர் ஹோஸில் எத்தனை பார் நிற்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். 0.5க்குக் கீழே இருந்தால், பெட்டிக்கு முன் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.